உடலா, மனமா? ‘ஆர்கானிக்’ என்னும் மருத்துவப் பிரிவினை குறித்து ஓர் ஆய்வு

ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனையும் முடிந்தது. எல்லாம் நார்மல். “ஆர்கானிக்கா ஒண்ணும் இல்லை” என்கிறார் மருத்துவர். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் கூட வந்தவர்களின் காதில் அது வேறு விதமாக விழுகிறது: ஒன்று, நோயாளி நடிக்கிறார், இல்லையென்றால், அவருக்குப் புத்தி பிசகிவிட்டது. இதே சொல் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. மனநல மருத்துவர் ஒருவர் புது நோயாளியின் சீட்டில் ‘ஆர்கானிக் காரணம் இருக்கிறதா எனப் பார்க்கவும்’ என்று எழுதினால், அந்த ஒரு வரியால் ஓர் உயிர் தப்பலாம்.

உறுப்பிலோ திசுவிலோ ரத்தத்திலோ இதோ என்று காட்டக்கூடிய கோளாறு இருந்தால் அது ஆர்கானிக் நோய், அதாவது உடல்சார் நோய். அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால் ‘ஃபங்ஷனல்’, ‘சைக்கோஜெனிக்’, ‘ஹிஸ்டீரியா’ என்று காலத்துக்கு ஒரு பெயர். சுமார் 200 ஆண்டுகளாக மருத்துவம் இந்தக் கோட்டின் இரு பக்கங்களிலும் நோயாளிகளைப் பிரித்து நிறுத்திவந்திருக்கிறது. அந்தக் கோடு எவ்வளவு உண்மையானது, யாரைக் காப்பாற்றியது, யாரைக் கைவிட்டது, இன்று அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். தேடலைத் தொடங்கிவைக்கும் கேள்வியாக இருக்கும்வரை இந்தப் பிரிவினை நோயாளிக்கு நன்மை செய்கிறது. தேடலை முடித்துவைக்கும் தீர்ப்பாக மாறும்போது அவரை நடுத்தெருவில் விடுகிறது. வரலாறு முழுக்க இதற்குச் சான்று கிடைக்கிறது.

பைத்தியக்கார விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநோயாளர் விடுதிகளில் ஒரு வகை நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். நடுவயது ஆண்களே அதிகம். தன்னை அரசன் என்பார்கள், கோடி கோடியாகச் சொத்து இருக்கிறது என்பார்கள். பிறகு நாக்குக் குழறும், நடை தள்ளாடும், சில ஆண்டுகளில் கைகால் விழுந்து இறந்துபோவார்கள். ஒழுக்கக் கேடு, அளவு மீறிய ஆசை, வியாபார நஷ்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்பட்டது. 1822இல் பாரிஸில் அந்துவான் பெய்ல் என்ற இளம் மருத்துவர், இப்படி இறந்தவர்களின் மூளை உறைகளில் நாள்பட்ட அழற்சி இருப்பதைக் காட்டினார். பித்துப் பேச்சுக்கும் கைகால் முடக்கத்துக்கும் ஒரே நோய்தான் காரணம் என்றார்.

அந்த நோய் எது என்பது உறுதிப்பட மேலும் 91 ஆண்டுகள் ஆயின. 1913இல் நியூயார்க்கில் ஹிதேயோ நொகுச்சியும் ஜே.டபிள்யூ. மூரும், இவ்வாறு இறந்தவர்களின் மூளைத் திசுவிலேயே மேகப்புண் கிருமியைக் கண்டார்கள். 1917இல் வியன்னாவின் வாக்னர்-யௌரெக், இந்நோயாளிகளுக்கு மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை அளித்து, அதற்காக 1927இல் நோபல் பரிசு பெற்றார். 1940களில் பென்சிலின் வந்ததும் விடுதிகளிலிருந்து அந்த நோயே ஏறக்குறைய மறைந்துபோனது.

இந்த வரலாற்றில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்கப்பட்ட மறுகணமே அது மனநோய்ப் பட்டியலிலிருந்து நீங்கித் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வலிப்பு நோயும் அதே வழியில்தான் போனது. 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்ததைத் தொடர்ந்து, வலிப்பு காகிதத்தில் வரைந்து காட்டக்கூடிய ஒன்றாயிற்று. ஆகவே ‘ஆர்கானிக் அல்லாதது’ என்று எஞ்சுவது பெரும்பாலும் அன்றைய கருவிகளுக்கு எட்டாதது. கருவி மாறினால் கோடும் நகரும்.

மனநோய் என்று பெயர் வாங்கிய உடல்நோய்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெல்லாக்ரா பரவிக் கிடந்தது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு சித்தப்பிரமை. மனநோய் விடுதிகள் இந்த நோயாளிகளால் நிரம்பின. 1914இல் இதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார்: விடுதியில் இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களோடு நாள் முழுக்கப் பழகும் ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்று என்றால் இப்படி இருக்க முடியாது. இரு தரப்புக்கும் வேறுபாடு சாப்பாட்டுத் தட்டில்தான் இருந்தது. மக்காச்சோளமும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரைப் பாகுமே ஏழைகளின் உணவு. தொற்று அல்ல என்று நிரூபிக்க, நோயாளிகளின் ரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. 1937இல் நயாசின் என்ற வைட்டமின் சத்துக்குறைவே காரணம் என்பது தெளிவாயிற்று. நம் பக்கத்தில், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாக உண்ணும் ஏழைகளிடம் இதே நோயை ஆராய்ந்தார். பசியின் நோய் பைத்தியம் என்ற பெயரில் பூட்டிவைக்கப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

1949இல் லண்டனின் ரிச்சர்ட் ஆஷர், தைராய்டு சுரப்புக் குறைவால் மனம் பேதலித்த 14 பேரைப் பற்றி எழுதினார். வீங்கிய முகம், கரகரத்த குரல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் என்று அடையாளங்கள் வெளிப்படையாகவே இருந்தன. ஆனால் பேச்சு பிதற்றலாக இருந்ததால் யாரும் உடம்பைப் பார்க்கவில்லை. தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தெளிந்தார்கள்.

இது பழங்கதை அல்ல. 2007இல் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய நோயை விவரித்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் மூளை அழற்சி அது. இளம்பெண்களிடம் அதிகம். சில வேளைகளில் கருப்பையை அடுத்த சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான் அந்தத் தாக்குதலைத் தூண்டிவிடுகிறது. முதல் சில நாட்களில் சந்தேகம், பயம், மாயக் குரல் என்று தொடங்குவதால், பார்க்கிறவர் எவரும் மனநோய் என்றே சொல்வார். பிறகுதான் வலிப்பும் வாய்க் கோணலும் மூச்சுத் தடுமாற்றமும் வரும். 2009இல் நியூயார்க்கில் சூசன்னா கஹலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு இது வந்தது. பரிசோதனைகள் எதுவும் பிடிகொடுக்கவில்லை. சூஹேல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார் அவர். இடது பக்கம் வெறுமையாக இருந்தது. மூளையின் வலப்பாதி வீங்கியிருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு, எதிர்ப்பொருள் ஊசி, பிளாஸ்மா மாற்றம் ஆகியவற்றைக் காலத்தில் கொடுத்தால் இந்த நோயாளிகளில் சுமார் 80 விழுக்காட்டினர் நன்கு தேறுகிறார்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த நோயாளியையும் இங்கே சொல்ல வேண்டும். விபத்தில் தலையில் அடிபட்டு மீண்ட இளைஞர் அவர். தாயைப் பார்த்து, “இவங்க என் அம்மா மாதிரியே இருக்காங்க, ஆனா அம்மா இல்லை” என்ற பொருளில் சொல்வார். அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். காப்கிரா மயக்கம் எனப்படும் இதற்கு முன்பெல்லாம் தாய் மீதான ஒடுக்கப்பட்ட ஆசை என்று பிராய்டு வழியில் விளக்கம் சொன்னார்கள். முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சி மையத்துக்கும் இடையிலான பாதை அறுந்துபோயிருக்கிறது, காதுவழிப் பாதை கெடவில்லை என்பது ராமச்சந்திரனின் விளக்கம். தாயின் படத்தைக் கண்டால் நம் தோலில் இயல்பாக ஏற்படும் நுண்ணிய வியர்வை மாற்றம் அந்த இளைஞருக்கு ஏற்படவில்லை.

பழி மனத்தின் மேல் விழுந்த கதைகள்

சித்தம் கலங்காமல் உடம்பில் மட்டும் தொல்லை இருந்தவர்களும் தப்பவில்லை. கழுத்தும் கைகாலும் தானே முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா நோயாளிகள் பல பத்தாண்டுகள் உளப்பகுப்பாய்வுக் கட்டிலில் படுக்கவைக்கப்பட்டார்கள். 1970களில் லண்டனின் டேவிட் மார்ஸ்டன் இது மூளையின் இயக்கக் கோளாறு என்று விடாமல் வாதாடினார். 1997இல் அதன் ஒரு வகைக்கான மரபணுவே கண்டறியப்பட்டது.

நமக்கு நன்கு பழக்கமானது அல்சர். “காரம் குறை, கவலைப்படாதே” என்பதே ஒரு தலைமுறைக்குச் சொல்லப்பட்ட வைத்தியம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கவலையை விடச் சொல்லப்பட்டவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஓரிரு வாரம் சாப்பிடும் ஆன்டிபயாடிக்.

1965இல் எலியட் ஸ்லேட்டர், லண்டன் நரம்பியல் மருத்துவமனையில் ஹிஸ்டீரியா என முத்திரை குத்தப்பட்ட 85 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார். பலருக்குத் தெளிவான நரம்பு நோயோ வேறு மனநோயோ வெளிப்பட்டிருந்தது. சிலர் இறந்தே போயிருந்தார்கள். அந்த முத்திரையை மருத்துவம் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

நம் வீட்டுப் பெரியவர்கள்

ஆர்கானிக் காரணத்தைத் தேடுவதன் அருமை மிக எளிதாகத் தெரியும் இடம் முதியோரின் திடீர்க் குழப்ப நிலை. மருத்துவத்தில் டெலிரியம் என்பார்கள். நம் வீடுகளில் இது நடக்கும் விதம் இதுதான்: காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி, அந்தி சாய்ந்ததும் யாரோ வீட்டுக்குள் நிற்கிறார்கள் என்கிறாள். என்றோ இறந்துபோன தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறாள். மறுநாள் காலை தெளிவு, மாலையில் மறுபடியும். “வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது” என்பார் ஒருவர். “மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுங்க” என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவளிடம் வாரத்தின் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நேற்றுவரை ஞாயிறு, சனி, வெள்ளி என்று எளிதாகச் சொன்னவள், இன்று இரண்டாவதிலேயே இழையை விட்டுவிட்டால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். அதுவே டெலிரியத்தின் முதன்மை அடையாளம். நினைவிழப்பு நோய் மாதக் கணக்கில் ஊர்ந்து வரும். இதுவோ மணிக் கணக்கிலும் நாள் கணக்கிலும் வரும், ஏறி இறங்கும். காரணம் ஏறக்குறைய எப்போதும் உடலில்தான் இருக்கும். புதிதாகத் தொடங்கிய ரத்த அழுத்த மாத்திரையால் சோடியம் 118க்கு இறங்கியிருக்கலாம். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது அது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை இறக்கம், நாட்கணக்கில் மலம் போகாமை, தூக்க மாத்திரை, தலையில் பட்ட பழைய அடியால் தேங்கிய ரத்தம் ஆகியவையும் காரணமாகலாம். காசநோய்க்கான ஐசோநயாசிட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் சிலருக்கு மனத்தைக் குலைக்கும். குடிப்பழக்கம் உள்ளவர் கால் முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தால், குடி நின்ற இரண்டு மூன்று நாளில் கைநடுக்கத்தோடு பிதற்றத் தொடங்குவார். அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் நினைவு நிரந்தரமாகப் பழுதுபடும் ஆபத்து உண்டு. சோடியம் குறைவைச் சரிசெய்வதிலும் நிதானம் தேவை. அவசரப்பட்டு ஏற்றினால் மூளையின் நரம்புறைகள் சிதையும்.

கூச்சல் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சோர்ந்து படுத்துக்கிடக்கும் டெலிரியம்தான் கண்ணில் படாமல் போகிறது. தடுக்கும் வழிகளும் எளியவை. 1999இல் ஷரோன் இனோயியும் குழுவினரும் அமெரிக்காவில் 852 முதியோரிடம் செய்த ஆய்வில், மூக்குக் கண்ணாடியும் காது கருவியும் கையெட்டும் தூரத்தில், போதிய தண்ணீர், இரவில் தொந்தரவில்லாத தூக்கம், தினமும் நடமாட்டம், இன்று என்ன கிழமை என்று நினைவூட்டும் பேச்சு ஆகியவற்றால் டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது.

மனநோய் என்று தோன்றும் நோயாளியிடம் உடல் காரணத்தைக் கண்டிப்பாகத் தேட வேண்டிய வேளைகளை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். திடீரெனத் தொடங்கியது, 40 வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தது, குரல் கேட்பதை விடக் கண்ணுக்கு உருவங்கள் தெரிவது அதிகம், நினைவு மங்குவது, காய்ச்சல், வலிப்பு, தலைவலி, புதிதாகச் சேர்த்த மருந்து. இவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும்.

‘ஒன்றுமில்லை’ என்பது உண்மையா?

மறுபக்கத்துக்கு வருவோம். தேடியும் உடல் காரணம் அகப்படாதவர்கள் கதி என்ன? இவர்கள் சிலர் அல்லர். ஸ்காட்லாந்தின் நரம்பியல் வெளிநோயாளர் பிரிவுகளில் நடந்த பெரிய ஆய்வில், புதிதாக வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அறிகுறிகளை உறுப்புக் கோளாறு முழுமையாக விளக்கவில்லை. கால் செயலிழப்பு, வலிப்பு போன்ற துடிப்பு, குரல் அடைப்பு என்று அவர்களின் துன்பம் கண்கூடானது. அவர்கள் நடிக்கவில்லை.

இவர்களிடம் நோயறிதல் வெறும் விலக்கல் முறையில் நடக்க வேண்டியதில்லை என்பதே அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம். 1908இல் சார்லஸ் ஹூவர் சொன்ன ஒரு சோதனையைப் பாருங்கள். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், இடது கால் அசையவில்லை. அந்தக் குதிகாலின் கீழ் மருத்துவர் தம் கையை வைத்து, “கீழே அழுத்துங்க” என்கிறார். அழுத்தமே இல்லை. பிறகு வலது காலைத் தூக்கச் சொல்லி, அதை மறுகையால் தடுக்கிறார். இப்போது, நோயாளி நினைக்காமலேயே, இடது குதிகால் மருத்துவரின் கையை முழு வலிமையோடு அழுத்துகிறது. நரம்பும் தசையும் சரியாக இருக்கின்றன. விரும்பி அசைக்கும் கட்டுப்பாடுதான் தடுமாறியிருக்கிறது. வீணையின் தந்தியும் குடமும் பழுதில்லாமல் இருந்தும் சுருதி கலைந்திருப்பதைப் போன்றது இது. இந்தச் சோதனையை நோயாளிக்கே காட்டி, “பாருங்க, இந்தக் காலுக்கு வலு இருக்கு, அதை மறுபடி பழக்க முடியும்” என்று சொல்வதுகூடச் சிகிச்சையின் முதல் படியாகிறது. குறிப்பாக வகுத்த பிசியோதெரபி, உளவியல் ஆலோசனை ஆகியவை அடுத்த படிகள்.

ஸ்லேட்டரின் அச்சம் இன்றும் பொருந்துமா? ஜான் ஸ்டோன் தலைமையில் 2005இல் வெளிவந்த தொகுப்பாய்வு, தவறாகக் கணிக்கப்பட்டவர்கள் 1950களில் 29 விழுக்காடாக இருந்து, 1970களுக்குப் பின் 4 விழுக்காடாகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. இதே ஸ்காட்லாந்து நோயாளிகளைச் சுமார் ஒன்றரை ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, தகவல் கிடைத்த 1,030 பேரில் 4 பேருக்கு மட்டுமே முதலில் கண்டறியாத உறுப்பு நோய் பின்னர் வெளிப்பட்டது. கவனமாகப் பரிசோதித்துச் சொன்னால் நம்பலாம். பரிசோதிக்காமல் சொல்வதுதான் குற்றம்.

கோட்டை அழித்தவர்கள்

மருத்துவ நூல்களே இந்தப் பிரிவினையைக் கைவிடத் தொடங்கியிருக்கின்றன. 1994இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் நான்காம் பதிப்பு ‘ஆர்கானிக் மனக் கோளாறுகள்’ என்ற தலைப்பை நீக்கியது. மற்ற மனநோய்களுக்கு உயிரியல் அடிப்படையே இல்லை என்ற பொய்யான பொருளை அது தருகிறது என்பதே காரணம். மனச்சிதைவிலும் இருதுருவ நோயிலும் மரபணுக்களும் மூளையும் பங்கு வகிக்கின்றன என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, செயல்பாட்டு (‘ஃபங்ஷனல்’) நரம்புக் கோளாறு என்று சொல்ல மன அழுத்த நிகழ்ச்சி ஒன்றைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதியையும் தளர்த்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் 10ஆம் நோய்ப் பகுப்பில் இருந்த ‘ஆர்கானிக்’ அத்தியாயம், 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பகுப்பில் இல்லை. வேறொரு நோயின் விளைவாக வரும் ‘இரண்டாம்நிலை’ மனக் கோளாறுகள் என்ற பெயரே இருக்கிறது.

இதை எதிர்ப்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. ‘ஆர்கானிக்’ என்ற சொல் பயிற்சி மருத்துவருக்கு ஓர் எச்சரிக்கை மணி. நள்ளிரவில் பிதற்றும் நோயாளியைக் கண்டதும் “முதல்ல ஆர்கானிக் காரணத்தை ஒதுக்கு” என்ற ஒரே கட்டளை சர்க்கரை அளவையும் சோடியத்தையும் பார்க்கவைக்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் பழக்கமும் போய்விடும் என்ற அவர்களின் அச்சத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தைக் காக்க வழி இருக்கிறது: சொல்லை மருத்துவரின் சரிபார்ப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்குச் சொல்லும் தீர்ப்பில் அதற்கு இடமில்லை.

நாம் செய்ய வேண்டியது

2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி மனநோயாளிகள் அழைத்துவரப்படும் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட மனநோயாளிகள் எரிந்து இறந்தார்கள். ஓட முடியாமல் இறந்தவர்கள் அவர்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தைராய்டோ, வைட்டமின் பி12 குறைவோ, மூளையில் நாடாப்புழுக் கட்டியோ இருந்திருக்கும் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. நம்பிக்கைக்காகக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லவில்லை. போவதற்கு முன்போ பின்போ ஒருமுறை ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளிக்கு உடல் நோயாளிக்கு நிகரான சிகிச்சையையும் காப்பீட்டையும் உறுதிசெய்கிறது. உடலா மனமா என்ற கோட்டைச் சட்டம் அழித்துவிட்டது, நடைமுறைதான் பின்தங்கியிருக்கிறது. அதற்கு மூன்று காரியங்கள் அவசரமாக வேண்டும். மனநலப் பிரிவில் சேரும் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12, தொற்றுக்கான பரிசோதனைகளைத் தயக்கமின்றிச் செய்ய வேண்டும். மாவட்ட மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், உறுப்புக் கோளாறு அகப்படாதவர்களை வெளியே அனுப்பாமல் தொடர்ந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அங்கே பிசியோதெரபிஸ்டும் உளவியலாளரும் இருக்க வேண்டும். மூன்றாவது மிக மலிவானது: “ஒண்ணும் இல்லை” என்ற வாக்கியத்தை மருத்துவர்கள் விட்டுவிட வேண்டும். “ஆபத்தான நோய் எதுவும் இல்லைன்னு பார்த்துட்டோம். உங்களுக்கு இருக்கிற தொல்லை உண்மையானது. இனி இப்படிச் செய்வோம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

உடல் காரணம் அகப்பட்டவருக்கு மருந்தும் மரியாதையும், அகப்படாதவருக்குச் சந்தேகமும் ஏளனமும் என்பது மருத்துவ அறிவு நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அல்ல. மேகப்புண்ணும் பெல்லாக்ராவும் டிஸ்டோனியாவும் அல்சரும் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு: விளக்கம் தாமதமாக வரும், துன்பம் முன்பே வந்துவிடும். விளக்கம் வரும்வரை நோயாளியைக் காத்திருக்கவைக்க நமக்கு உரிமை கிடையாது.